மாடியில் பழசான ரேடியோக்கள்

அண்ணாதுரை கேட்டபோது சுந்தரேசன் உடனே சரி என்று சொல்லிவிட்டான். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனை, ரயிலில் ஏறி உட்லண்ட்ஸில் இருக்கும் வீட்டுக்குப் போகும் வழியில்தான் வந்தது.

விஷயம் இதுதான். டிசம்பர் கடைசியில் இந்தியாவின் முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் காலமானார். சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வியாபாரிகள் சிலர் சேர்ந்து, பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவருக்கு ஒரு நினைவுக்கூட்டம் நடத்தலாம் என்று முடிவு செய்தார்கள். புடவைக் கடை வைத்திருக்கும் அண்ணாதுரைதான் முன்னால் நின்று ஏற்பாடு செய்தார். சுந்தரேசன் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் பொருளியல் ஆசிரியர். அவனைத் தேடி வந்து அண்ணாதுரை சொன்னார்.

“நாங்கெல்லாம் பெரியவர், நல்லவர்னு சொல்லிட்டு உக்காந்துருவோம் சார். அவர் என்னதான் செஞ்சார்னு நீங்கதான் சொல்லணும். இருபது நிமிஷம் போதும் லா.”

சுந்தரேசனுக்கு இருபது நிமிஷம் கிடைப்பது லேசான விஷயமில்லை. எதையும் பிரித்துப் பார்த்து, அது எப்படி ஓடுகிறது என்று இன்னொருவருக்குச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. மழைக்காலத்தில் தக்காளி விலை ஏன் ஏறுகிறது என்று தேக்கா சந்தையில் நின்று பேச ஆரம்பித்தால், காய்கறிக்காரர் எடை போட்ட பையை அவன் கையில் திணித்து அனுப்பிவைப்பார். அப்படிப்பட்டவனுக்கு, தன் வாழ்நாளில் மிக உயர்வாக மதிக்கும் ஒரு பொருளியல் அறிஞரைப் பற்றிப் பேச நாற்காலி போட்டுக் கூப்பிட்டால் வேறென்ன சொல்வான்?

ஆனால் அவன் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவனுடைய அம்மா பாப்பம்மாளுக்கு வயது எழுபத்தெட்டு. மன்மோகன் சிங் பத்தாண்டுகள் பிரதமராக இருந்தார். அந்தப் பத்தாண்டும் வசந்தம் தொலைக்காட்சிச் செய்தியில் அவர் முகம் வந்தபோதெல்லாம், அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க அம்மா எழுந்து போய்விடுவாள். செய்தி மாறிய பிறகுதான் திரும்பி வருவாள்.

காரணம் ஒரு கடை. சுந்தரேசனின் அப்பா ரத்னவேல், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ரேடியோக் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அதை மூடிவிட்டு, சாங்கி விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் பிரிவில் வேலைக்குப் போனார். சில வருஷங்களில் இறந்தும்போனார். கடையை மூடியது அப்போது இந்தியாவின் நிதியமைச்சராக இருந்த மன்மோகன் சிங்கின் பட்ஜெட் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். “அதுக்கு அவர் மட்டும் காரணமில்லம்மா” என்று சுந்தரேசன் எத்தனையோ தடவை ஆரம்பித்திருக்கிறான். அதற்கு மேல் ஒரு வாக்கியம் போனதில்லை. படித்தவன் பேச்செல்லாம் வகுப்போடு இருக்கட்டும் என்பாள்.

அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா நெத்திலித் தலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பற்றிச் சொன்னான். அவள் கை நிற்கவில்லை.

“பேசு. ஊரே பேசுது, நீயும் பேசு. ஆனா மாடியில நடந்ததை மட்டும் வெளியில சொல்லக் கூடாது.”

சுந்தரேசன் பையைச் சுவரோரம் இறக்கி வைத்தான். அவன் பேச நினைத்திருந்ததே அதைப் பற்றித்தான்.

மாடியில் என்ன நடந்தது என்பது புரிய, முதலில் அந்தக் கடையின் வியாபாரம் புரிய வேண்டும். எண்பதுகளில் இந்தியாவுக்குள் ஒரு வெளிநாட்டு ரேடியோவோ வீடியோ டெக்கோ போக வேண்டுமென்றால், பொருளின் விலையைவிட அதன்மேல் விழும் சுங்க வரி அதிகம். நாட்டைச் சுற்றி வரியால் கட்டிய மதில் என்று வைத்துக்கொள்ளலாம். மதிலுக்கு உள்ளே பொருள் கிடைக்காது. கிடைத்தாலும் விலை எட்டாது. மதிலுக்கு வெளியே, சிங்கப்பூரில், அதே பொருள் கடைக்குக் கடை அடுக்கிக் கிடந்தது. இந்த வித்தியாசத்தை நம்பித்தான் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பயணிகள் பறந்தார்கள். அடிக்கடி பறந்து சாமான் கொண்டுபோனவர்களுக்குக் குருவி என்றே பெயர். குருவிகள்தான் ரத்னவேலின் வாடிக்கையாளர்கள்.

வரி பொருளின் மதிப்பைப் பார்த்துப் போடப்படுவது. அந்த மதிப்பை முடிவு செய்பவர், விமான நிலைய மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் அதிகாரி. புதுப் பொருள் என்றால் முழு மதிப்புப் போடுவார். பயணி சொந்தமாகப் பயன்படுத்திய பழைய சாமான் என்றால் வெகுவாகக் குறைப்பார். சில நேரம் போ என்று கையை ஆட்டிவிடுவார். ஆக, புது ரேடியோவைப் பழைய ரேடியோவாகக் காட்டத் தெரிந்தவர்களுக்கு மதிலில் ஒரு சின்னக் கதவு திறக்கும்.

அந்தக் கதவைத் திறக்கத் தெரிந்தவள் பாப்பம்மாள். கடைக்கு மேலே மாடியில் அவள் உட்கார்ந்திருப்பாள். அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்னை மடியில் சாய்த்துக்கொண்டு, விரல் படும் இடங்களில் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பாள். எல்லா இடத்திலும் தேய்த்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒலியைக் கூட்டும் திருகில் மினுமினுப்பு போக வேண்டும்; ஸ்டேஷன் மாற்றும் திருகில் பாதி போனால் போதும். காப்பி டிகாஷனில் துணியை நனைத்து இடுக்குகளில் ஓட்டுவாள். முதுகில் நெயில் பாலிஷால் யாரோ ஒருவரின் பெயரை எழுதுவாள். கடைசியில் அதைப் பழைய துணி மூட்டைக்குள் போட்டுக் கட்டி வைப்பாள். இரண்டொரு நாளில் வெளியே எடுத்தால், ஏதோ ஒரு குடும்பத்தின் சமையலறையில் வருஷக்கணக்காகப் பாடிய ரேடியோ போல அதிலிருந்து வாசனையே வரும். உள்ளே இயந்திரம் புத்தம் புதிது. பாப்பாக்கா கை பட்ட சாமான் என்று கேட்டு வாங்கிப்போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சுந்தரேசன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுத்தாள்களை உரித்திருக்கிறான்.

தொண்ணூற்றொன்றில் மன்மோகன் சிங் நிதியமைச்சரானார். ரூபாயின் மதிப்பைக் குறைத்தார். ரூபாய் குறைந்தால் சிங்கப்பூர்ச் சாமான் இந்தியருக்கு விலை கூடும், கூட்டம் குறையும். குறைந்தது. ரத்னவேல் அசரவில்லை. ஏற்றமும் இறக்கமும் அவர் பார்த்தவைதான். தீபாவளிக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள் என்றார். ஆள் வராத நேரத்தில் கை சும்மா இருப்பானேன் என்று, கடையில் இருந்ததை எல்லாம் மாடிக்கு ஏற்றினார். பாப்பம்மாள் எல்லாவற்றையும் பழசாக்கி வைத்தாள். அடுத்த வருஷமும், அதற்கு அடுத்த வருஷமும் புதுச் சரக்கு வாங்கி மாடிக்கே ஏற்றினார்கள்.

இங்கேதான் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பழசாக்கிய பொருளைத் திரும்பப் புதுசாக்க முடியாது. மொத்த வியாபாரி அதைத் திருப்பி எடுக்க மாட்டார். சிங்கப்பூர்க்காரர் யாரும் கீறல் விழுந்ததைப் புது விலைக்கு வாங்க மாட்டார். அந்த ரேடியோக்களுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு கதவு. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் வரி இறங்கியது. வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவுக்குள்ளேயே வந்து தொழிற்சாலை போட ஆரம்பித்தன. மதில் தாழத் தாழ, கதவுக்கு வேலை இல்லாமல் போனது. திருச்சிக் கடைத்தெருவில் பளபளவென்று புதுப் பெட்டி கிடைக்கும்போது, காப்பிக் கறையோடு ஒன்றை யார் சுமந்துகொண்டு பறப்பார்கள்? மாடி நிறையப் பழசாகிப்போன புதுச் சாமானோடு கடையை மூடினார்கள்.

அப்பா இறந்த பிறகுதான் சுந்தரேசன் பொருளியல் படிக்கப் போனான். தன் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் படித்தான் என்றுகூடச் சொல்லலாம். படிக்கப் படிக்க, அம்மா வெறுத்த மனிதர்மேல் அவனுக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. அதை அம்மாவிடம் சொல்லி அவள் கேட்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஊர்க்காரர்களிடம் இருபது நிமிஷம் பேசுவதைவிட அவளிடம் ஐந்து நிமிஷம் பேச முடிந்தால் அவனுக்குப் பெரிது.

கூட்டத்தன்று காலையில், தானும் வருவதாக அம்மா சொன்னாள். ஏன் என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் வாசலில் நின்றாள்.

ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த கூடம் அது. மாலை போட்ட படம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பின்னால் ஒரு மேசையில் வடையும் தேநீரும். முன்வரிசையில் கடைக்காரர்கள். பின்னால் விடுமுறை நாள் என்பதால் வந்திருந்த கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர். அலுவலகங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அழைப்பிதழால் விசிறிக்கொண்டாள்.

அண்ணாதுரை முதலில் பேசினார். அந்த மகானால் இந்தச் சாலையில் வாழாத வியாபாரி இல்லை என்றார். அம்மா விசிறுவது நின்றதைச் சுந்தரேசன் பார்த்தான்.

அவன் முறை வந்தது. தொண்ணூற்றொன்றில் இந்தியாவின் கையில் சில வாரத்து இறக்குமதிக்கு மட்டுமே வெளிநாட்டுப் பணம் மிச்சம் இருந்ததைச் சொன்னான். நாட்டின் தங்கத்தை விமானத்தில் ஏற்றி அடகுக்கு அனுப்பியதைச் சொன்னான். பேராசிரியராகவும் ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்த ஒருவர் அந்த நேரத்தில் நிதியமைச்சராக வந்து, தொழில் தொடங்குவதற்கு இருந்த லைசென்ஸ்களில் பெரும்பகுதியை நீக்கி, வரி மதிலையும் இறக்கத் தொடங்கியதைச் சொன்னான். பிற்பாடு பிரதமராக இருந்தபோது கிராமங்களுக்கு வந்த நூறு நாள் வேலையைச் சொன்னபோது, பின்வரிசையில் ஒருவர் தன் அம்மாவும் அந்த வேலைக்குப் போனதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவருடைய ஆட்சியின் கடைசி வருஷங்களில் குறைகள் மலிந்ததையும் சுந்தரேசன் மறைக்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கூடம் அசையவில்லை.

அப்போது ஒரு பெண் கை தூக்கினாள். பெயர் வர்ஷா, கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே மென்பொருள் வேலை பார்ப்பவள். அந்த பட்ஜெட்டுக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்தவள்.

“சார், ஒரு டவுட். டாக்ஸ் ஜாஸ்தின்னா ஃபாரின் சாமானை வாங்காம இருந்துட்டுப் போறாங்க. அதுல நாட்டுக்கு என்ன நஷ்டம்?”

நல்ல கேள்வி. வகுப்பில் யாராவது கேட்டால் அவன் அந்த நாள் முழுக்கச் சந்தோஷமாக இருப்பான். பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. பதில் மாடியில் இருந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான், பார்வையைத் திருப்பிக்கொண்டான். வளங்களின் ஒதுக்கீடு, போட்டியின்மை என்று ஏதோ சொன்னான். சொல்லும்போதே அவனுக்கே வாயில் சாக்கட்டி மெல்வது போல இருந்தது. வர்ஷா மரியாதைக்குத் தலையாட்டினாள். புரியாதவர்கள் எப்படித் தலையாட்டுவார்கள் என்று ஆசிரியருக்குத் தெரியாதா? அண்ணாதுரை எழுந்து, தேநீர் ஆறுகிறது என்றார்.

“இரு, அண்ணாதுரை” என்று ஒரு குரல் கேட்டது. அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

“அந்தப் பொண்ணுக்குப் பதில் என் பையனுக்குத் தெரியும். சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். நானே சொல்லிடறேன். என் பேரு பாப்பம்மாள். இந்த ரோட்டுல ரேடியோக் கடை வச்சிருந்த ரத்னவேல் சம்சாரம். புது ரேடியோவைப் பழசாக்குறது என் வேலை.”

கூடத்தில் யாரும் வடைப்பக்கம் திரும்பவில்லை. அவள் உப்புத்தாளைச் சொன்னாள், டிகாஷனைச் சொன்னாள், எந்தத் திருகில் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று கையை மடித்துக் காட்டினாள். மூட்டை வாசனையைச் சொன்னபோது முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர் நாகூர் கனி. இன்று ஜவுளியில் பெரிய ஆள், அன்று அந்தக் கடைக்கு வந்துபோனவர்களில் ஒருவர்.

“பாப்பாக்கா, நீங்க செஞ்சு குடுத்த டேப்ரிக்கார்டரை எங்க உம்மாகிட்டக் குடுத்தேன். நெசமாவே பழசுன்னு நெனைச்சுட்டாங்க. வெளிநாட்டுச் சபுர்ல இருந்து பெத்தவளுக்குப் பழைய சாமானா கொண்டாந்தேன்னு ரெண்டு வருஷம் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல.”

“அப்ப வேலை சுத்தமா இருந்துருக்குன்னு அர்த்தம்” என்றாள் அம்மா. கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் உட்காரவில்லை. “மூணு வருஷத்துச் சரக்கை அப்படிப் பண்ணி வச்சோம். ஒண்ணும் போகல. இந்த ரோட்டுல வாழாதவங்களும் இருந்தாங்க, அண்ணாதுரை. அதையும் சேத்துச் சொல்லணும்.” பிறகு மகனைப் பார்த்து, “இப்பச் சொல்லு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சுந்தரேசன் வர்ஷாவைப் பார்த்துப் பேசினான். இந்த முறை வகுப்பு இல்லை. நன்றாக ஓடும் ஒரு பொருளை மோசமாகக் காட்டுவதற்கு எங்கள் அம்மாவின் அத்தனை கெட்டிக்காரத்தனமும் செலவாயிற்று, நீங்கள் கேட்ட நஷ்டம் அதுதான் என்றான். மதிலுக்கு வெளியே அம்மா ஒருத்தி. மதிலுக்கு உள்ளே அவளைப் போல லட்சம் பேர். ஒருவர் லைசென்ஸுக்காக அலுவலகப் படி ஏறுவதிலேயே கெட்டிக்காரர் ஆனார். இன்னொருவர் போட்டியே இல்லாததால் மட்டமான பொருளை விற்பதில் கெட்டிக்காரர் ஆனார். ஒரு நாட்டின் மூளை இப்படிச் செலவாவதை மன்மோகன் சிங் கண்டுகொண்டார். கண்டுகொண்டவர்கள் முன்பும் உண்டு. இவர் அதை மாற்றக் கையை வைத்தார். மதிலை ஒரே நாளில் இடித்தால் உள்ளே இருப்பவர்கள்மேல் விழும் என்பதால், பட்ஜெட்டுக்கு ஒரு வரிசையாகக் கல்லை இறக்கினார். கூச்சல் போடாமல், திட்டு வாங்கிக்கொண்டு செய்தார்.

“எங்க கடையை மூடினது அவர்தான்” என்றான் கடைசியில். “எங்கம்மா முப்பது வருஷமா அதைச் சொல்றாங்க. நான்தான் இல்லைன்னு வாதாடிக்கிட்டு இருந்தேன். அவங்க சொன்னது சரி. அது மூட வேண்டிய கடை. மூடினவரை நான் கும்பிடுறேன்.”

கைதட்டினார்கள். அம்மா தட்டினாளா என்று அவன் பார்க்கவில்லை.

நியூட்டனில் ரயில் மாறியதும் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. எதற்காக எழுந்தாய் என்று அவன் மெல்லக் கேட்டான்.

“அந்தப் பொண்ணு, உனக்கு ஒண்ணும் தெரியலைன்னு நெனைச்சுக்கிட்டுப் போயிருக்கும். அது நல்லாவா இருக்கு?” என்றாள். கொஞ்சம் கழித்து, “மூட வேண்டிய கடைன்னு சொன்னே” என்றாள்.

“சொன்னேன்.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். பீஷானுக்குச் சற்று முன்னால் ரயில் தரைக்கு மேலே வந்தது. வெயிலில் அடுக்குமாடிகள் ஓடின. அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“நல்லா ஓடின காலத்துல நம்ம கடையில லாபம் வந்துச்சுல்ல. அது எங்கேருந்து வந்துச்சு?”

முப்பது வருஷத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. அவன் ஒரு மதிலை எடுத்துக்கொள் என்று ஆரம்பித்தான். மதிலெல்லாம் வேண்டாம், ரேடியோ என்றே சொல் என்றாள். அவன் ரேடியோ என்றே சொன்னான். இங்கே ஒரு விலை, மதிலுக்குள் ஒரு விலை. நடுவில் கிடப்பதை நாமும் குருவியும் எடுத்துக்கொண்டோம். கொடுத்தவர், அங்கே வீட்டில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு அதிக விலைக்கு வாங்கியவர்.

“புதுக்கோட்டையில இருக்கிற என் தங்கச்சி ரேடியோ வாங்கினாளே, மெட்ராஸ் பர்மா பஜார் போய். அவளும் அதுல ஒருத்தியா?”

“சித்தியும்தான்.”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஈசூனில் கூட்டம் ஏறியது. அவன் எழுந்து ஒரு கர்ப்பிணிக்கு இடம் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவனைக் குனியச் சொன்னாள்.

“நம்ம மாதிரி கடைங்க இருக்கு, மூடிரும்னு அந்த மனுசருக்குத் தெரியுமா?”

“நம்ம கடை தெரியாதும்மா. நம்ம மாதிரி இருக்கும்னு தெரியாம இருக்காது. வரி குறைஞ்சா யாருக்கு அடி விழும்னுதான் பொருளியல்ல முதல்ல படிப்பாங்க. தெரிஞ்சுதான் செஞ்சிருப்பார்.”

“தெரியாம, நம்ம மாதிரி ஆளுங்களை நெனைச்சே பாக்காம செஞ்சார்னுதான் நான் கோவப்பட்டிருந்தேன்” என்றாள். கைப்பையின் வாரை விட்டாள். “அவருக்குப் பிள்ளைங்க எத்தனை பேர்?”

“மூணு பொண்ணுங்க.”

“மூணுமே பொண்ணா? நல்லாப் படிக்க வச்சிருப்பார்” என்றாள் அம்மா.